பெயரை வெட்டுகிறவர்கள், தாளை ஒட்டுகிறவர்கள்

ஸ்ரீ விஜயபுரத்தில் நினைவுக் கல் வெட்டிக் கொடுக்கும் அந்தத் தமிழர், வாயால் சொல்லும் பெயரை ஏற்பதில்லை. தாளில் எழுதித் தரவேண்டும். எழுதியவர் கீழே கையெழுத்தும் போடவேண்டும். கறுப்புக் கிரானைட் பலகை சென்னையிலிருந்து கப்பலில் வருகிறது. ஓர் எழுத்து பிசகினால் முழுப் பலகையும் வீண். அடுத்த கல்லுக்கு அடுத்த கப்பலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். 2024 செப்டம்பர் வரை நகரத்தின் பெயர் போர்ட் பிளேர். அந்தக் காலத்திலிருந்து தன் பட்டறையில் இதுதான் சட்டம் என்றார்.

உளியும் சுத்தியலும் மூலையில் கிடக்கின்றன. இப்போது கணினியில் எழுத்தைக் கோத்து, ஸ்டிக்கரில் வெட்டி, கல்மேல் ஒட்டுகிறார்கள். எழுத்து இருக்கும் பகுதியை மட்டும் ஊசி முனையால் உரித்தெடுத்து, அங்கே மணலைக் காற்றழுத்தத்தோடு பீய்ச்சினால் கல் குழிகிறது. குழிக்குள் தங்க நிறப் பெயிண்ட். காய்ந்தபின் ஸ்டிக்கரைக் கிழித்தால் பெயர் நிற்கும். கையால் வெட்டிய பழைய பளிங்குப் பலகைகளின் பாடு வேறு. கடற்காற்றின் உப்பும், ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்யும் மழையும் எழுத்தின் விளிம்பைத் தின்றுவிடுகின்றன. நினைவு நாளுக்கு முன்பு மெல்லிய பிரஷ்ஷோடு உட்கார்ந்து, மங்கிய எழுத்துக்கு மறுபடி கறுப்பு ஏற்றுவது தனி வேலை. அழிந்த இடத்தில் எந்த எழுத்து இருந்தது என்பதைப் பழைய தாளைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். தாள் இல்லையென்றால் பெயிண்டர் கைக்கு வந்ததுதான் பெயர்.

வீரர்களின் பெயருக்குச் சான்றான தாள் எங்கே இருக்கிறது, யார் காக்கிறார்கள் என்பதைத் தேடித்தான் நான் தீவுக்குப் போனேன்.

வீரர்களின் பெயர்களுக்கு அந்தமானில் குறைவில்லை. 2023 ஜனவரி 23, நேதாஜி பிறந்தநாளன்று, அதுவரை பெயரில்லாமல் இருந்த பெரிய தீவுகளில் 21க்குப் பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் பெயரைச் சூட்டினார்கள். அவற்றில் மிகப் பெரிய தீவு, அந்த விருதை முதன்முதலில் பெற்ற மேஜர் சோம்நாத் சர்மாவின் பெயரில் இருக்கிறது. ஒரு தீவு மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுடையது. பம்பாயில் 1946இல் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 1972இல் சென்னைப் பயிற்சிப் பள்ளியிலிருந்து அதிகாரியாக வெளிவந்து மகார் படைப்பிரிவில் சேர்ந்தவர். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணப் பகுதியில் தேடுதலை முடித்துத் திரும்பும் வழியில் நடந்த தாக்குதலில், மார்பில் குண்டு பட்ட பிறகும் எதிராளியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார் என்கிறது விருதுச் சான்றுரை. சென்னை அரும்பாக்கத்தில் அவர் பெயரில் ஒரு ராணுவக் குடியிருப்பும் இருக்கிறது.

சான்றுரை ஒருவரின் கடைசி அரை மணி நேரத்தைச் சொல்லும். அதற்கு முந்தைய 41 ஆண்டுகளுக்கு அதில் இடமில்லை. தமிழ் வீட்டில் வளர்ந்தவர், சண்டையிடத் தமிழ் பேசும் ஊருக்கே போனபோது உடனிருந்தவர்களிடம் என்ன பேசினார், வீட்டுக்கு என்ன எழுதினார் என்பதெல்லாம் படிவத்துக்குள் அடங்காது. யாராவது போய்க் கேட்டு எழுதி வைத்தால்தான் உண்டு.

இன்னொரு விஷயம். அந்த 21 பேரும் போர்க்களத்தில் மாண்டவர்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். 7 பேர் உயிரோடு திரும்பியவர்கள். அதிலும் இருவரை அரசே ஒருமுறை ‘இறந்தவர்’ ஆக்கியிருக்கிறது! மேஜர் தன் சிங் தாபா 1962 அக்டோபரில் பாங்காங் ஏரிக்கரைச் சிரிஜாப்பில் மாண்டார் என்று நம்பி, மறைவுக்குப் பிந்தைய விருது அறிவித்தார்கள். அவரோ சீனர்களிடம் கைதி. 1963இல் விடுதலையாகி வந்ததும் விருதுப் பதிவைத் திருத்தினார்கள். யோகேந்திர சிங் யாதவ் 1999இல் டைகர் ஹில் சண்டையில் உடம்பெல்லாம் குண்டு பாய்ந்து மருத்துவமனையில் கிடந்தபோது, அவருக்கும் மறைவுக்குப் பிந்தைய விருது என்றே முதலில் செய்தி வந்தது. உண்மையில் இறந்தவர் அதே 18 கிரனேடியர்ஸ் அணியில் அதே பெயர் கொண்ட இன்னொரு வீரர்.

இதனால்தான் பட்டாளத்துக் கிளார்க்குகள் பெயரை நம்புவதில்லை, படை எண்ணைக் கேட்கிறார்கள். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு ரெக்கார்டு ஆபீஸ் உண்டு. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில். சிப்பாய் சேர்ந்த நாளில் திறக்கும் ‘ஷீட் ரோல்’ என்ற ஏட்டில் அப்பா பெயர், ஊர், பிறந்த நாள், பயிற்சிகள், தண்டனைகள், காயங்கள், பதக்கங்கள் எல்லாம் ஏறும். கல்யாணமும் குழந்தை பிறந்ததும் ‘பார்ட் டூ ஆர்டர்’ வழியாகப் பதிவாக வேண்டும். பட்டாளத்து வீடுகளில் பெண்களுக்கே இந்தச் சொல் அத்துப்படி. அந்த ஆர்டரில் தன் பெயர் ஏறாத மனைவி, கணவன் இறந்தபின் ஓய்வூதியத்துக்கு அலைய நேரிடும். தமிழருக்கு ஒரு கூடுதல் தொல்லை: படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும், நம்மிடம் இருப்பதோ இனிஷியல். ஒரே ஆளின் பெயர் பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஷீட் ரோலில் வேறு மாதிரி, ரேஷன் அட்டையில் மூன்றாவது மாதிரி. கிளார்க் வேலை என்று ஏளனமாகச் சொல்கிறோம். சரியாக எழுதிய ஒரு ஷீட் ரோல் பத்துச் சிலைகளுக்குச் சமம் என்பது என் கட்சி.

தீவில் அந்தத் தாளைக் காப்பாற்றுவது பெரும்பாடு. பழைய காகிதங்களைப் பழுதுபார்க்கும் மேசை ஒன்றின் அருகே ஒரு காலைப் பொழுது உட்கார்ந்திருந்தேன். வேலை செய்த அக்கா தீவிலேயே பிறந்த தமிழர். கட்டைப் பிரிப்பதற்கு முன் பக்க எண்ணைப் பென்சிலால் போடுகிறார். வரிசை கலைந்தால் கோப்பே செத்த மாதிரி என்றார். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, ஈரப்பஞ்சை ஓரத்தில் ஒற்றி மை கரைகிறதா என்று பார்க்கிறார். பழைய கோப்புகளில் இரும்புச் சத்துள்ள மை. எழுத்து இருக்கும் இடத்தையே அது பொசுக்கிச் சல்லடையாக்கிவிடும். அமிலத்தை முறிக்கும் கரைசலில் நனைத்து எடுத்த தாளின்மேல், எழுத்து தெரியும்படி மெல்லிய டிஷ்யூவைப் பசை தடவி ஒட்டுகிறார். பிறகு உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றுகிறார். மாவுப் பசை என்றால் இராமபாணப் பூச்சிக்குக் கொண்டாட்டம். பைண்டிங் கடைக்காரர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது அதற்காகத்தான். மழைக்காலத்தில் நனைத்த தாள் லேசில் காய்வதில்லை. காயாத தாளில் பூஞ்சை படரும்.

ஒட்டுவதற்குத் தாளே இல்லாதவர்களும் இங்கே உண்டு. ஜப்பானியர் 1942 மார்ச் 23 அன்று தீவைப் பிடித்தார்கள். 1943 டிசம்பர் 30 அன்று ஜிம்கானா மைதானத்தில் நேதாஜி கொடியேற்றினார். அதற்கு ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30 அன்று, இந்திய சுதந்திர லீகைச் சேர்ந்த 44 பேரை உளவாளிகள் என்று சொல்லி ஹம்ப்ரிகஞ்சில் ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். லீகின் தீவுத் தலைவர் டாக்டர் திவான் சிங் அதற்கு இரண்டு வாரம் முன்பே செல்லுலார் சிறையில் சித்திரவதையால் இறந்திருந்தார். 1945 ஆகஸ்டில் நூற்றுக்கணக்கான பேரைப் படகில் ஏற்றி ஹேவ்லாக் தீவருகே கடலில் தள்ளினார்கள். சரணடையும் முன் தங்கள் காகிதங்களில் பெரும்பகுதியை அவர்கள் அழித்துவிட்டார்கள். கொல்லப்பட்டவர்கள் சீருடை போட்டவர்களும் அல்ல. ஆகவே ஷீட் ரோலும் கிடையாது. பிழைத்தவர்கள் சொன்னதும் குடும்பங்கள் நினைவில் வைத்திருந்ததும்தான் ஆவணம்.

இன்னும் பின்னால் போனால் நிலைமை மோசம். 1867 மே 7 அன்று லிட்டில் அந்தமானில், காணாமற்போன ‘அசாம் வேலி’ கப்பல் ஆட்களைத் தேடிக் கரையிறங்கிச் சிக்கிய தோழர்களைக் கொந்தளிக்கும் அலையில் படகோட்டி மீட்டதற்காக, பிரிட்டிஷ் 24ஆம் படைப்பிரிவின் ஐந்து பேருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. மருத்துவர் டக்ளஸ், சிப்பாய்கள் பெல், கூப்பர், கிரிஃபித்ஸ், மர்பி. கிரிஃபித்ஸ் 1879இல் தென்னாப்பிரிக்காவின் இசாண்டில்வானாவில் இறந்தது வரை பதிவு இருக்கிறது. அன்று எதிரே நின்ற தீவின் பழங்குடிகளான ஓங்கே மக்களில் ஒருவர் பெயரும் எதிலும் இல்லை. 1859 மே 17 பிரிட்டிஷாரோடு நடந்த அபர்டீன் போரில் மாண்ட அந்தமானியருக்கு நினைவுத்தூண் இருக்கிறது, பெயர்ப்பட்டியல் இல்லை.

ஓங்கேக்களின் பெயர்களை எழுதிக்கொள்ள அன்று யாரும் இல்லை. ஆள் சேர்க்கும்போதே பெயர் எழுதிக்கொண்ட பிரிட்டிஷ் பேரரசும் அதற்கு மேல் ஒன்றும் ஒழுங்காக நடக்கவில்லை. முதல் உலகப் போரில் இறந்த 45,000 முதல் 54,000 பேரை, பெரும்பாலும் இந்தியர்களையும் ஆப்பிரிக்கர்களையும், மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரவில்லை என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் குழு 2021இல் ஒப்புக்கொண்டது. குறைந்தது 1,16,000 பேரின் பெயர் எங்கும் பொறிக்கப்படவே இல்லை, அல்லது நினைவே கூரப்படவில்லை. அதே ஆண்டு, லாகூர் அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு தூங்கிய பஞ்சாப் வீரர்களின் 3,20,000 பதிவுகளை மின்வடிவமாக்கும் வேலை வெளியே தெரிந்தது. ஊர் வாரியாக எழுதிய பதிவேடுகள் அவை. கொள்ளுத்தாத்தா எந்த அணியில் போனார் என்று பேரப்பிள்ளைகள் இன்று தேடிக் கண்டுபிடிக்கிறார்கள்.

வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக் காகிதம் இருக்கும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு டிஸ்சார்ஜ் புக்கோ கடிதமோ உங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தால், கடையில் கொடுத்துச் சூடேற்றி லேமினேட் செய்துவிடாதீர்கள். அதன்பின் தாளைச் சேதமில்லாமல் பிரிப்பது நிபுணருக்கும் மிகக் கடினம். செல்லோ டேப்பும் ஸ்டேப்ளரும் வேண்டாம். புகைப்படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் எண், முழுப் பெயர், படைப்பிரிவு, ஊர் நான்கையும் எழுதுங்கள். ‘சித்தப்பா’ என்று மட்டும் எழுதினால் அடுத்த தலைமுறைக்கு விளங்காது. பெயரில் முரண் இருந்தால், சம்பந்தப்பட்டவர் உயிரோடிருக்கும்போதே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்துத் திருத்த வழி தேடுங்கள். அவரோடு இருந்த அம்மாவோ பாட்டியோ இன்னும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே கைப்பேசியில் பேசவிட்டுப் பதிவு செய்துவிடுங்கள்.