பெரியம்மாவின் குங்குமம்

தவளக்குப்பத்தில், கடலூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவொன்றில் இருக்கிறது பெரியப்பாவின் வீடு. 1987-இல் ஒரு காலையில் வேலைக்கென்று புறப்பட்டவர் திரும்பவேயில்லை. பெரியம்மா இன்றும் நெற்றியில் குங்குமம் இட்டுக்கொள்கிறார். ஆனால் கல்யாண வீடுகளில், யாரும் சொல்லாமலே பின்வரிசைக்குப் போய்விடுவார்.

இதைக் கேட்ட இலக்கிய நண்பரொருவர், "ஷ்ரோடிங்கரின் பூனை மாதிரி. உங்கள் பெரியப்பா ஒரே சமயத்தில் இருக்கிறார், இல்லாமலும் இருக்கிறார்" என்றார். அழகான உவமைதான். ஆனால் இருபது வருடங்களாக இயற்பியல் சொல்லித்தருகிற எனக்கு அது நெருடியது.

பூனை தன்னை ஒருவர் வந்து பார்க்கட்டும் என்று காத்திருப்பதில்லை. காற்றும் ஒளியும் அதன்மீது மோதி, அதன் தடயத்தை எடுத்துச் சென்றுகொண்டே இருக்கின்றன. 2004-இல் வியன்னாவில் 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளைச் சூடாக்கிப் பார்த்தார்கள். அலைபோல் குறுக்கிட்டுப் பட்டைகளை உருவாக்கிய அவை, சூடு ஏற ஏறத் தாம் உமிழ்ந்த ஒளியாலேயே தம் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தன. பட்டைகள் மங்கி மறைந்தன. அங்கே மனிதப் பார்வைக்கு வேலையில்லை. ஒத்திசைவுக் குலைவு என்பது இதுதான். இதைக் கணக்கிட உதவும் பொதுச் சமன்பாட்டை 1976-இல் கோரினி, கொசகோவ்ஸ்கி ஆகியோருடன் சேர்ந்து தந்தவர் நம் ஜார்ஜ் சுதர்சன். தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் படித்தவர், பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். லிண்ட்பிளாட் என்பவரும் அதே ஆண்டில் தனியாக அதைக் கண்டடைந்தார்.

இரண்டு சாத்தியங்களும் ஏன் ஒன்றோடொன்று குறுக்கிடுவதில்லை என்பதை ஒத்திசைவுக் குலைவு சொல்லிவிடுகிறது. இரண்டில் இது ஏன் நடந்தது, அது ஏன் நடக்கவில்லை என்பதைச் சொல்வதில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே 1986-இல் கிரார்டி, ரிமினி, வெபர் மூவரும் அலைச்சார்பு தானாகவே சரிகிறது என்றொரு மாதிரியை முன்வைத்தார்கள். தனித்த துகளொன்றுக்கு அது சுமார் முப்பது கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும். மனித உடலின் துகள்களையெல்லாம் சேர்த்தாலோ ஒரு நொடிக்குள் கோடிக்கணக்கான முறை. சோதனைகளில் இதற்குச் சான்று இன்னும் கிடைக்கவில்லை.

இவற்றில் எதை ஏற்றாலும், பெரியப்பா இரு நிலைகளுக்கு நடுவே மிதந்துகொண்டிருப்பவர் அல்லர். தெரியாமலிருப்பது வேறு, தீர்மானமாகாமலிருப்பது வேறு.

இவ்வளவும் தெரிந்த நான்தான் போன மாதம் ஒரு தாளுடன் அவ்வீட்டுக்குப் போனேன். ஏழாண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையெனில், அவர் உயிரோடிருப்பதாகச் சொல்பவரே அதை நிறுவவேண்டும் என்கிறது சாட்சியச் சட்டம். பெரியம்மா கையெழுத்திட்டு மனுப்போட்டால் வீட்டை மாற்றி எழுதலாம் என்பது உறவினர்களின் கணக்கு.

பெரியம்மா தாளைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அவரு இருக்காரா இல்லையாங்கிறது எங்கயோ எப்பவோ முடிஞ்ச விஷயம் தம்பி. நமக்குத்தான் தெரியல. நான் கையெழுத்துப் போட்டா அது மாறிடுமா?"

தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.