இறங்கிவிட்டு ஏறும் மலை

எந்த மலைக்குப் போனாலும் முதலில் ஏறுவோம், பிறகு இறங்குவோம். மயோர்க்கா தீவின் சா கலோப்ரா சாலை அதற்குத் தலைகீழ். மேலிருந்து கடலை நோக்கி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் இறங்க வேண்டும். கீழே ஒரு சின்னக் கடற்கரை. அதோடு சாலை முடிந்துவிடும். சைக்கிளில் திரும்ப வேண்டுமானால் வந்த வழியே ஏற வேண்டியதுதான்.

கடந்த ஏப்ரலில் நானும் தம்பியும் அங்கு சைக்கிளோட்டப் போனோம். அவன் லண்டனில் வேலை செய்கிறான். அம்மாவின் இறுதிச் சடங்குக்கு வந்தபோது ஹோட்டலில் தங்கினான். போகும்போது, "தோ பாயோ வீட்டை வித்துடலாம்க்கா" என்றான். அம்மாவோடு நான் வாழ்ந்த வீடு அது. இன்றும் அங்குதான் இருக்கிறேன். வாய்ச்சண்டையில் முடிந்தது. எட்டு மாதம் பேச்சில்லை. பிறகு ஒருநாள் குறுஞ்செய்தி: "வீட்டைப் பத்திப் பேச வேணாம். சைக்கிள் ஓட்டலாம், வாக்கா."

வானொலியில் தினமும் மணிக்கணக்கில் பேசுகிறவள் நான். அவனுக்கு "சரி" என்று மட்டும் பதில் போட்டேன்.

பயிற்சியெல்லாம் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில். மேடு வேண்டுமென்றால் மவுண்ட் ஃபேபர். நம் நாட்டின் ஆக உயரமான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். சா கலோப்ரா சாலையின் உச்சி 682 மீட்டர்.

ஸ்பெயினுக்குச் சொந்தமான இத்தீவின் வடமேற்குக் கரை நெடுக திராமுந்தானா மலைத்தொடர் நீள்கிறது. சாந்து பூசாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்கள், அவற்றில் ஒலிவ மரங்கள். பல நூற்றாண்டு உழைப்பில் உருவான இந்த நிலப்பரப்பை 2011ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. குளிர்காலத்தில் தொழில்முறை சைக்கிளோட்டக் குழுக்கள் பல இங்கு பயிற்சிக்கு வருகின்றன.

சா கலோப்ரா சாலையை 1932ல் வடிவமைத்தவர் அந்தோனியோ பரியெத்தி என்ற பொறியாளர். 26 கொண்டை ஊசி வளைவுகள். ஓரிடத்தில் சாலை சுழன்று தனக்குத்தானே பாலமாகி, தன் அடியிலேயே நுழைந்து போகிறது. அதற்கு 'டை முடிச்சு' என்று பெயர்.

சுற்றுலாப் பேருந்துகள் வருமுன் போய்விட பொயென்சா ஊரிலிருந்து அதிகாலையில் கிளம்பினோம். இறக்கத்தில் பிரேக் பிடித்தே விரல்கள் மரத்துப்போயின. கீழே காப்பி குடிக்கும்போது தம்பி சொன்னான்: "முடியலன்னா படகுல சோயேர் துறைமுகத்துக்குப் போயிடலாம்க்கா."

"வேணும்னா நீ போ" என்று மிதிக்கத் தொடங்கினேன்.

சராசரி 7 விழுக்காட்டு ஏற்றம். மூன்றாவது கிலோமீட்டரில் மூச்சு வாங்கியது. தம்பி என் பக்கத்தில் வந்தான்.

"அக்கா... அந்த வீடு..."

பேச வேண்டாம் என்றவனே ஆரம்பித்தான். எட்டு மாதமாக நான் மனத்தில் ஒத்திகை பார்த்த பதில்கள் நாக்கு நுனிவரை வந்தன. ஆனால் சொல்ல மூச்சில்லை. ஒலிபரப்பில் இரண்டு விநாடி மௌனம் விழுந்தாலே பதறுகிறவள், அன்று வேறு வழியின்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவனுக்கும் ஒரு வளைவுக்கு நான்கு சொல்தான் வந்தது.

"கடைசி மூணு மாசம்... நான் வரல... உள்ள போனா... அம்மா ரூம் இருக்கும்... முடியாதுக்கா... அதான்... விக்கச் சொன்னேன்."

பணத்துக்காகத்தான் கேட்கிறான் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன். சிலரிடம் அப்படிச் சொல்லியும் இருக்கிறேன்.

அடுத்த இரண்டு வளைவுகள் தாண்டித்தான் என்னால் வாய் திறக்க முடிந்தது. "தண்ணி குடிடா" என்றேன். வேறு எதுவும் வரவில்லை.

டை முடிச்சில் காலூன்றி நின்றோம். கீழே நாங்கள் ஏறி வந்த சாலை முழுக்கத் தெரிந்தது. பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஆளுக்குப் பாதி குடித்தோம். தொழில்முறை வீரர்கள் அரை மணி நேரத்திற்குள் ஏறிவிடும் சாலை. எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

போக விரும்புகிறவர்களுக்கு: மார்ச் முதல் மே வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர் ஏற்ற மாதங்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதை முதல்நாள் நினைவூட்டிக்கொண்டே இருங்கள். வாடகைக்கு எடுக்கும்போது, ஏற்றத்துக்கு ஏற்ற இலகுவான கியர் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கு முந்திச் செல்லும் கார்கள் சைக்கிளிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது சட்டம். நம் ஊரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

வீட்டை விற்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. தீபாவளிக்குத் தம்பி வருகிறான். ஹோட்டல் எடுக்கவில்லையாம்.