இடைச்செருகல்களால் ஆன ஒரு திருவிழா

ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் அக்டோபர்ஃபெஸ்ட் விழாவைப் பற்றி நம்மில் பலரும் அறிந்த செய்திகள் மூன்று. அது பீர் குடிப்பதற்காகத் தோன்றிய விழா, அக்டோபரில் நடப்பது, அதன் சடங்குகள் அனைத்தும் மிகப் பழையவை. இம்மூன்றில் ஒன்றுகூட முழு உண்மையன்று. தமிழிலக்கியம் கற்பிப்போர்க்கு ஒரு தொழிற்பழக்கம் உண்டு. எந்தப் பனுவலைக் கண்டாலும், இது மூலபாடமா, பின்வந்தோர் செருகியதா என்று கேளாமல் அடுத்த அடிக்குச் செல்ல மனம் வராது. அப்பழக்கத்தோடு இவ்விழாவையும் ஓர் ஏடாகக் கருதிப் புரட்டிப் பார்ப்போம்.

மூலபாடம் ஒரு திருமணம். 1810 அக்டோபர் 12 அன்று பவேரியாவின் பட்டத்து இளவரசர் லுத்விக், இளவரசி தெரேசாவை மணந்தார். பவேரியா முடியரசாகி அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. நெப்போலியன் காலத்துப் பேரங்களில் புதிதாகச் சேர்ந்த நிலப்பகுதிகளின் மக்கள் தம்மைப் பவேரியர் என்று உணரவேண்டிய தேவை அரசுக்கு இருந்தது. மணவிழாவின் நிறைவாக அக்டோபர் 17 அன்று, நகரவாயிலுக்கு வெளியே பரந்திருந்த புல்வெளியில் ஒரு குதிரைப் பந்தயம் நடந்தது. மணமகளின் பெயரால் அவ்விடம் தெரேசியன்வீஸே, அதாவது தெரேசாவின் புல்வெளி, ஆயிற்று. மியூனிக் மக்கள் இன்றும் விழாவை 'வீஸன்' என்றே அழைக்கின்றனர். ஆக, மூலபாடத்தின் நாயகன் குதிரை.

அடுத்த ஆண்டே முதல் செருகல் வந்துவிட்டது. 1811இல் உழவுக் கண்காட்சி ஒன்று சேர்ந்தது. 1818இல் இராட்டினமும் ஊஞ்சலும் வந்தன. 1819இல் விழாவை நடத்தும் பொறுப்பை நகராட்சியே ஏற்றது. அக்டோபர்க் குளிர் தாங்காமல், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விழா செப்டம்பருக்கு நகர்ந்தது. இன்று அது செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபரின் முதல் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி முடிகிறது. பெயர் மட்டும் பழைய மாதத்தை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது.

பீர் இவ்வேட்டுக்குள் நுழைந்த விதம் சற்று விரித்துச் சொல்லத்தக்கது. கோடை வெப்பத்தில் நொதித்தல் கெட்டுவிடும் என்பதால், ஏப்ரல் பிற்பகுதி முதல் செப்டம்பர் இறுதிவரை பீர் வடிக்கக்கூடாது என்று பவேரியாவில் 1553இல் ஓர் ஆணை பிறந்தது. எனவே மார்ச் மாதத்திலேயே சற்று வீரியமாக வடித்து, குளிர்ந்த நிலவறைகளில் கோடை முழுவதும் காத்துவைத்தனர். மார்ச் மாதத்தின் பெயராலேயே அவ்வகைக்கு 'மெர்ட்சன்' என்று பெயர். இலையுதிர்காலத்தில் புதிய வடிப்புத் தொடங்குமுன் பழைய பீப்பாய்கள் காலியாகவேண்டும். அதே பருவத்தில் ஊர் கூடும் விழாவும் வந்து வாய்த்தது. பருவமும் தேவையும் பொருந்தியதால் இச்செருகல் மூலத்தோடு தையல் தெரியாமல் ஒட்டிக்கொண்டது. 1881இல் கோழி வறுவல் கடை வந்தது. 1896 அளவில் சிறு கடைகளின் இடத்தைப் பெருங்கூடாரங்கள் பிடிக்கத் தொடங்கின. இடையில் மின்விளக்கும் வந்தது. 1880களில் அதை அமைத்துத் தந்தது ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் தந்தையும் சிற்றப்பாவும் நடத்திய நிறுவனம். குதிரைப் பந்தயமோ இரண்டாம் உலகப் போருக்கு முன்பே வழக்கொழிந்தது. 2010இல் இருநூறாம் ஆண்டு நினைவாக மீண்டும் குதிரைகள் ஓடியபோது, அது பலருக்கும் புதுமையாகவே தெரிந்திருக்கும். செருகல் மூலத்தை விழுங்கிவிட்டது.

தொன்மையான சடங்கென்று உலகம் நம்பும் காட்சியும் அண்மையதே. தொடக்க நாளின் நண்பகலில் மேயர் கொட்டாப்புளியால் அடித்துப் பீப்பாயில் குழாயை இறக்கி, 'ஓ'ஸாப்ஃப்ட் இஸ்', அதாவது 'குழாய் இறங்கியது', என்று கூவுகிறார். முதற்குவளை பவேரிய முதல்வருக்கு. இவ்வழக்கத்தைத் தொடங்கியவர் 1950இல் மேயராயிருந்த தோமஸ் விம்மர். தோல் காற்சட்டையும் டிர்ண்டில் ஆடையும்கூட அப்படித்தான். 1970களின் புகைப்படங்களில் பெரும்பாலோர் அன்றாட உடையிலேயே அமர்ந்திருக்கின்றனர்.

இவையெல்லாம் சேர்க்கப்பட்ட அடிகள். பாடம் ஆய்வோரை உறுத்தவேண்டியவை விடுபட்ட அடிகள். காலரா, போர், பணவீக்கம், அண்மையில் 2020, 2021 ஆண்டுகளின் கொள்ளைநோய் ஆகியவற்றால் விழா நின்ற ஆண்டுகளை எல்லோரும் நினைவில் வைத்திருக்கின்றனர். விழா நிற்காமல் நடந்த சில ஆண்டுகளைப் பற்றித்தான் பேச்சு குறைவு. 1933இல் யூதர்கள் இவ்விழாவில் வேலை செய்யத் தடை விதிக்கப்பட்டது. 1936இல் பவேரியக் கொடியின் இடத்தில் ஸ்வஸ்திகைக் கொடி ஏறியது. 1938இல் விழாவின் பெயரே 'பெருஜெர்மானிய மக்கள் விழா' என்று மாற்றப்பட்டது. இராட்டினம் அப்போதும் சுற்றியது. பீர் அப்போதும் நுரைத்தது.

1980 செப்டம்பர் 26 இரவு, விழாத்திடலின் முதன்மை வாயிலருகே குண்டு வெடித்தது. வைத்தவன் உட்படப் பதின்மூவர் மாண்டனர்; இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். துக்கத்திற்காக ஒரே ஒரு நாள் மூடப்பட்டதோடு விழா தொடர்ந்தது. சொந்த வாழ்வின் விரக்தியில் ஒரு தனியன் செய்த செயல் என்று முதல் விசாரணை ஏட்டை மூடியது. மீண்டும் திறந்த விசாரணை 2020இல்தான், இது தீவிர வலதுசாரி நோக்கத்தால் நிகழ்ந்த பயங்கரவாதம் என்று முடிவுரைத்தது. ஒரு பிழைபாட்டைத் திருத்த நாற்பது ஆண்டுகள் ஆயின. அதுவரை காயமுற்றோர் தம் வலிக்குச் சரியான பெயரின்றியே வாழ்ந்தனர்.

சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரின் அழைப்பில் மியூனிக்கில் இரு நாள் தங்க வாய்த்தது. நாம் மது அருந்துவதில்லை; ஆதலால் காலையிலேயே திடலுக்குச் சென்றோம். வாயிலில் நினைவுச்சின்னம். மக்கள் அதைக் கடந்து கூடாரங்களை நோக்கி விரைந்துகொண்டிருந்தனர். முதிய பெண்மணி ஒருவர் மட்டும் நின்று, பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு ஆடையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு அவரும் கூடாரத்தை நோக்கியே நடந்தார். கொண்டாட்டத்தின் வாசலில் இப்படியொன்று வேண்டுமா என்று மாணவரிடம் கேட்டோம். "வேறெங்கே வைத்தாலும் யாரும் போய்ப் பார்க்கமாட்டார்கள் ஐயா" என்றார்.

மரபு என்பதைத் தூய மூலம் என்று எண்ணுவோர்க்கு இவ்விழாவின் வரலாறு ஏமாற்றம் தரலாம். நமக்கு அது ஏமாற்றம் தரவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் அடியைச் செருகுவதாலேயே விழா உயிரோடிருக்கிறது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முந்திய திருமணம் ஒன்றுக்காக இன்று அறுபது எழுபது இலட்சம் பேர் அங்கே திரளப்போவதில்லை. ஆனால் சேர்க்கும் உரிமையுடையோர்க்கு, விடுபட்டதை மீட்டு எழுதும் கடமையும் உண்டு. மியூனிக் நகரம் அதைத் தாமதமாகவேனும் தன் வாசலிலேயே எழுதிவைத்திருக்கிறது. பீர்க் குவளைகளைவிட நம் நினைவில் தங்கியது அதுவே.