பம்ப் மேல் போட்ட பழி

அந்த எஞ்சின் போனதற்குப் பம்ப்தான் காரணம் என்று கார்க்காரரிடம் சொன்னேன். பொய். பம்ப் நன்றாகத்தான் இருந்தது. அதன் வாயை அடைத்தவன் நான், தெரிந்தபின் மறைத்தவனும் நான்.

இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ரேஸ் கார்களுக்கு வேலை பார்க்கிறேன். அதற்கு முன் பைக் மெக்கானிக். பைக் வளைவில் சாய்ந்து போகும். ஆயிலும் கூடவே சாய்வதால் எஞ்சின் அடியிலுள்ள சம்ப்பில் இருந்த இடத்திலேயே இருக்கும். கார் அப்படிச் சாயாது. ஸ்லிக் டயர் போட்ட கார் 1 ஜி விசையில் திரும்பினாலே சம்ப்பில் ஆயில் 45 டிகிரிக்குச் சரிந்து ஒரு பக்கச் சுவரில் ஏறிவிடும். உறிஞ்சும் குழாய்க்குக் காற்றுதான் மிஞ்சும். ட்ரை சம்ப் வந்ததே இதற்காகத்தான். ஆயிலை எஞ்சினுக்கு அடியில் தேக்காமல் தனி டேங்க்கில் வைத்துவிடுகிறோம். பெல்ட்டில் ஓடும் பம்ப்பில் பல அறைகள். ஒன்று டேங்க்கிலிருந்து எடுத்து எஞ்சினுக்குப் பிரஷரோடு தள்ளும். மற்றவை அடியில் விழும் ஆயிலைக் காற்றும் நுரையுமாக உறிஞ்சி டேங்க்குக்கே திருப்பி அனுப்பும். அதை ஸ்கேவெஞ்ச் என்போம்.

நான் சொல்லும் கார் 2 லிட்டர், நாலு சிலிண்டர். ஸ்கேவெஞ்சுக்கு இரண்டு வாய்: சம்ப்பின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டிலும் கம்பி வலை உண்டு. சீசன் தொடங்கும் முன் அந்தச் சம்ப்பைக் கழற்றி மாட்டினேன். கசிந்து பேர் கெட்டுவிடக் கூடாதே என்று கேஸ்கட் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசினேன். போல்ட்டை இறுக்கியபோது வெளியே பிதுங்கியதை அழகாகத் துடைத்தேன். வெளியே பிதுங்கிய அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துப் பையனுக்கும் தெரியும்.

"மாஸ்டர், ரைட் டர்ன்ல பிரஷர் விழுது" என்றார் கார்க்காரர். அவரேதான் ஓட்டுவார். 7000 ஆர்பிஎம்மில் 70 பிஎஸ்ஐ காட்ட வேண்டியது, நீண்ட வலது வளைவு முடியும்போது 30க்குக் கீழே வந்தது. இடது வளைவில் ஒன்றும் இல்லை.

நோய் முழுவதையும் அவர் அந்த ஒரு வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார். கார் வலப்பக்கம் திரும்பினால் ஆயில் இடப்பக்கம் ஒதுங்கும். இடப்பக்க வாய் அடைத்திருந்தால் அது டேங்க்குக்குத் திரும்பாது. வளைவு நீள நீள டேங்க் வற்றி, பிரஷர் அறை காற்றை இழுக்கும். அடியில் தேங்கிய ஆயிலை கிராங்க் அடித்து நுரையாக்கும், நுரை பிரீதர் வழியாக கேட்ச் டேங்க்கில் போய் விழும். கேட்ச் டேங்க் அளவுக்கு மீறி நிரம்பிக்கொண்டும் இருந்தது. "ஏன் வலது மட்டும்?" என்று நான் கேட்கவே இல்லை. என்னிடம் பதில் தயாராக இருந்தது: சென்சார்.

சென்சாரை மாற்றினேன். காய்ச்சல்காரனுக்குத் தெர்மாமீட்டரை மாற்றின கதைதான். பிரஷர் அப்படியே விழுந்தது. டேங்க்கில் ஆயில் குறைந்து தெரிந்ததால் மேலும் ஊற்றினேன். அதுவும் எஞ்சினுக்கு அடியில்தான் போய்ச் சேர்ந்தது. பிறகு, பிரஷர் மிஞ்சினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வின் ஸ்ப்ரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷரைச் சொருகினேன். நேர் ரோட்டில் முள் 80ஐத் தொட்டது. வளைவில் அது ஒரு பைசாவுக்கு உதவாது என்று எனக்குத் தெரியும். பம்ப் காற்றைக் குடிக்கும்போது ஸ்ப்ரிங் என்ன செய்யும்?

என்னிடம் உதவிக்கு இருந்த பையன், கார் பிட்டுக்கு வந்ததும் இரண்டு ஸ்கேவெஞ்ச் ஹோஸையும் கையால் தொட்டுப் பார்த்தான். "அண்ணே, இந்தப் பக்கத்து ஹோஸ் மட்டும் அவ்வளவா சூடேறல" என்றான். காசு செலவில்லாத, மிகச் சரியான சோதனை அது. சூடான ஆயில் ஓடும் ஹோஸ் சூடாக இருக்கும்; ஓடாதது இருக்காது. ஃபிட்டிங்கைத் திறந்து வலையை வெளியே எடுப்பது ஒரு டீ குடிக்கும் நேரத்து வேலை. "உன் வேலையைப் பாருடா" என்றேன், நாலு பேர் பார்க்க. அவன் சொன்னது சரியென்று பட்டதால்தான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்.

சென்சார் மாற்றியது, ஆயில் ஊற்றியது எல்லாம் அறியாமையில் சேர்த்துவிடலாம். அடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது. டாஷ் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு 40 பிஎஸ்ஐக்குக் கீழே எரியும்படி இருந்தது. அதை 20க்கு இறக்கினேன். "சரி பண்ணியாச்சு சார்" என்றேன். விளக்கு எரியாததால் அவர் நம்பிக்கையோடு மிதித்தார்.

பிக் எண்ட் பேரிங் போனது. ஃபில்டரை வெட்டி விரித்தால் மடிப்பெல்லாம் மினுமினுப்பு. அன்று இரவு ஷெட்டில் சம்ப்பை இறக்கினேன். இடப்பக்க வலையில் என் பேஸ்ட் நூல் நூலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்தெடுத்து, வலையைப் பெட்ரோலில் கழுவி வைத்தேன். பையன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

மறுநாள் கார்க்காரர் முன்னால் பம்ப்பைப் பிரித்தேன். பேரிங்கிலிருந்து உதிர்ந்த துகள்கள் ஓடியதால் உள்ளே கீறல் விழுந்திருந்தது. "பாருங்க சார், பம்ப் தேஞ்சு போச்சு, அதான் பிரஷர் வரல" என்றேன். விளைவைக் காரணமாகத் திருப்பிப் போட்டேன், அவ்வளவுதான். அவர் படித்தவர், கேள்வி கேட்கிறவர்; ஆனாலும் கண்முன் கீறலைக் காட்டினால் யார்தான் நம்பமாட்டார்கள்? பையன் வாயே திறக்கவில்லை. அடுத்த சீசனில் வேறு டீமுக்குப் போய்விட்டான்.

பழைய பம்ப்பை விற்றவர்களுக்கே அனுப்பி நஷ்டஈடு கேட்கலாமா என்று கார்க்காரர் யோசித்தார். அவர்கள் பிரித்துப் பார்த்தால், துகள் எஞ்சினிலிருந்து பம்ப்புக்கு வந்ததா, பம்ப்பிலிருந்து எஞ்சினுக்குப் போனதா என்று சொல்லிவிடுவார்கள். "ரேஸுக்குப் போட்டதுக்கெல்லாம் தரமாட்டாங்க சார், அலைச்சல்தான் மிச்சம்" என்று தடுத்துவிட்டேன். புதுப் பம்ப்பை அவர் தன் காசில் வாங்கினார். மாட்டியதற்கு என்னிடம் கூலியும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.