24 கிலோவும் 24,000 கிலோவும்

டென்மார்க்கின் யூட்லாண்ட் பகுதியில் எத்தனை மைல் போனாலும் மலை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. அந்த நாட்டின் மிக உயரமான மேடே 171 மீட்டர்தான். பார்லி, கோதுமை வயல்கள், நடுநடுவே காற்றாலைகள், வயலோரத்தில் நீளநீளமான தாழ்ந்த கொட்டகைகள். நாட்டின் மக்கள்தொகை சுமார் 60 லட்சம். ஆண்டுக்கு வளர்த்து விற்கும் பன்றிகள் அதைப்போல நான்கைந்து மடங்கு. இருந்தும் சாலையில் போகிறவர் கண்ணில் ஒரு பன்றி படுவது அபூர்வம். பெரும்பாலும் எல்லாமே கொட்டகைக்குள்தான்.

உள்ளே போவதும் லேசில்லை. நுழைவாயிலில் குறுக்காக ஒரு பெஞ்ச் கிடக்கும். வெளியே போட்டுவந்த செருப்பையும் சட்டையையும் இந்தப் பக்கம் கழற்ற வேண்டும். கை கழுவி, பெஞ்சைத் தாண்டி, பண்ணைக்கென்றே வைத்திருக்கும் உடுப்பையும் பூட்ஸையும் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும். கிருமி வந்த பிறகு ஊசி போடுவதைவிட, கிருமியை வாசலிலேயே நிறுத்துவது மலிவு என்ற கணக்கு அது. அந்தக் கணக்குக்கு வர அவர்கள் பட்டபாடு கொஞ்சமல்ல.

1994-ம் ஆண்டு. டென்மார்க் மருத்துவமனைகளில் மனிதர்களுக்குக் கொடுத்த வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மொத்தமே 24 கிலோ. வேறு மருந்து எதுவும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதே ஆண்டில் பன்றி, கோழித் தீவனத்தில் கலந்த அவோபார்சின் 24,000 கிலோ. இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள். ஒன்றுக்குப் பழகிய கிருமி மற்றதற்கும் அடங்காது. கோழிக்கு நோய் எதுவும் இல்லை. சீக்கிரம் எடை ஏற வேண்டும் என்பதற்காகத்தான் அந்த 24,000 கிலோவும்.

அவோபார்சின் கலந்த தீவனம் தின்ற பண்ணைகளில், வான்கோமைசினுக்கு அடங்காத குடல் கிருமிகள் இருப்பதை ஃபிராங்க் ஓரஸ்ட்ரூப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். 1995-ல் அவோபார்சினுக்குத் தடை வந்தது. அதே ஆண்டு 'டான்மேப்' என்ற கண்காணிப்பும் தொடங்கியது. பண்ணை விலங்கு, கடையில் விற்கும் இறைச்சி, மருத்துவமனை நோயாளி என மூன்று இடத்திலும் கிருமிகளை எடுத்து, எந்த மருந்துக்கு எது அடங்குகிறது என்று ஆண்டுதோறும் ஒரே ஏட்டில் எழுதும் வேலை.

கறிக்கோழியில் பலன் கண்கூடாகத் தெரிந்தது. சோதித்த கிருமிகளில் வான்கோமைசினுக்கு அடங்காதவை 1995-ல் 72.7 சதவிகிதம், 2000-ல் 5.8 சதவிகிதம். பன்றியில் மட்டும் 20 சதவிகிதத்தை ஒட்டியே நின்றது. தடை போட்டும் ஏன் இறங்கவில்லை என்று தோண்டியபோதுதான் விஷயம் புரிந்தது. பன்றிகளுக்கு டைலோசின் என்ற வேறொரு மருந்தைத் தொடர்ந்து கொடுத்து வந்தார்கள். இரண்டு மருந்தையும் எதிர்க்கும் மரபணுக்கள் கிருமிக்குள் ஒரே துண்டில் ஒட்டியிருந்தன. டைலோசினைக் கொடுக்கக் கொடுக்க, அவோபார்சினை எதிர்க்கும் குணமும் கூடவே பிழைத்துக் கிடந்தது. 1998-ல் டைலோசின் குறைந்த பிறகே அங்கும் இறக்கம் தெரிந்தது.

இன்னொரு வேலையையும் செய்தார்கள். கால்நடை மருத்துவர் மருந்தை விற்று லாபம் பார்ப்பதற்குக் கடிவாளம் போட்டார்கள். மருந்து எழுதுகிறவரே மருந்து விற்கிறவராகவும் இருந்தால் சீட்டு நீளமாகத்தானே இருக்கும்!

1998-ல் வளர்ந்த பன்றிகளுக்கும் கோழிகளுக்கும் வளர்ச்சி ஊக்கி மருந்துகளைத் தாங்களாகவே நிறுத்தியது அந்தத் தொழில்தான், அரசாங்கம் அல்ல. இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1887-லேயே ஹோர்சன்ஸ் ஊரில் விவசாயிகள் சேர்ந்து கூட்டுறவு இறைச்சிக்கூடம் தொடங்கிய நாடு அது. விற்கும் இடமும் தங்களுடையது என்பதால் பேர் கெட்டால் யாருக்கு நஷ்டம் என்பது அவர்களுக்குத் தெரியும். 2000 பிறப்பதற்குள் குட்டிகளுக்கும் நிறுத்திவிட்டார்கள்.

சிக்கல் அங்கேதான் வந்தது. தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்குக் கழிச்சல் அதிகமானது. தீவனத்தில் போன மருந்து, சிகிச்சை மருந்தாகக் கொஞ்சம் திரும்பி வந்தது. 'பார்த்தீர்களா, பண்ணைகள் அழியப்போகின்றன' என்று மற்ற நாடுகளில் பேச்சு எழுந்தது. 2002 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் பல நாட்டு நிபுணர்களை யூட்லாண்டின் நடுவே ஃபூலும் என்ற ஊரில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கூட்டியது. அவர்கள் பண்ணைக் கணக்குகளைப் பிரித்துப் பார்த்தார்கள். கோழிக்குப் பெரிய நஷ்டம் இல்லை. பன்றி ஒன்றுக்குக் கூடிய செலவு சுமார் ஒரு யூரோ, அதாவது உற்பத்திச் செலவில் ஏறத்தாழ ஒரு சதவிகிதம். குட்டிகளின் கழிச்சலையும் மறைக்காமல் எழுதினார்கள். 2006 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க வளர்ச்சி ஊக்கி ஆன்டிபயாடிக்குகளுக்குத் தடை வந்தது.

டென்மார்க்கில் இன்று எந்தப் பண்ணைக்கு, எந்த வயது விலங்குக்கு, என்ன நோய்க்கு, எவ்வளவு மருந்து போனது என்பது முழுக்கப் பதிவாகிறது. 2010-ல் 'மஞ்சள் அட்டை' வந்தது. சராசரியைப்போல இரு மடங்கு மருந்து வாங்கிய பன்றிப் பண்ணைக்கு அட்டை நீட்டி, ஒன்பது மாதத்தில் குறைக்கச் சொன்னார்கள்.

இதை வைத்து அவர்கள் எல்லாவற்றிலும் ஜெயித்துவிட்டதாக எழுதினால் அது பொய். மெதிசிலின் மருந்துக்கு அடங்காத ஒருவகைச் சீழ்க்கிருமி பன்றிகளிடம் பரவி, 2016 வாக்கில் பத்தில் எட்டுக்கும் மேலான பண்ணைகளில் இருந்தது. மருத்துவமனையில் சேரப்போகும் டேனிஷ்காரரிடம் 'பன்றிகளோடு புழங்குகிறவரா' என்று கேட்டுச் சோதிக்கும் வழக்கம் இதனால் வந்தது. பண்ணைக் குடும்பங்களுக்கு இது மனசைக் குத்தும் கேள்விதான்.

தலைநகர் கோபன்ஹேகனை ஒட்டிய லுங்பியில், தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 2015 நவம்பரில் சீனாவிலிருந்து ஒரு சேதி: ஷாங்காய் பன்றி ஒன்றின் கிருமியில், கொலிஸ்டின் மருந்தைச் செயலிழக்க வைக்கும் மரபணு, ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியதாக இருக்கிறது. கொலிஸ்டினும் மனிதர்களுக்குக் கடைசி மருந்துதான். டென்மார்க்கில் சேர்த்துவைத்திருந்த சுமார் 3,000 கிருமிகளின் மரபணுப் பதிவுகளை உடனே அலசினார்கள். சில வாரங்களுக்குள் விடை வந்தது. இறக்குமதியான கோழி இறைச்சியின் கிருமிகள் ஐந்தில் அந்த மரபணு இருந்தது. ரத்தத்தில் கிருமி ஏறிய டேனிஷ் நோயாளி ஒருவரிடமும் இருந்தது. ஷாங்காயில் கண்ட சரக்கு எப்போதோ ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்திருந்தது. ஏடு இருந்ததால் தெரிந்தது.

2017-ல் சீனா கொலிஸ்டினை வளர்ச்சி ஊக்கியாகத் தருவதை நிறுத்தியது. 2019 ஜூலையில் இந்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் விலங்கு, கோழி, மீன் எதற்கும் கொலிஸ்டின் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று தடை போட்டது. நாமக்கல் கோழிப்பண்ணைக்கும் அந்த உத்தரவுதான்.

இப்போது கோபன்ஹேகனில் ஐகார்ஸ் என்றொரு சர்வதேச மையம், 2021 முதல் தனி அமைப்பாக இயங்குகிறது. ஏழை, நடுத்தர வருமான நாடுகளின் அரசுகளோடு சேர்ந்து, அந்தந்த ஊருக்குத் தோதான வழியைத் தேடுவது அதன் வேலை. டேனிஷ் வழியை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. அங்கே ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு எண் உண்டு, வந்து பார்க்கும் மருத்துவர் உண்டு. வீட்டுக் கொல்லையில் முப்பது கோழி வைத்திருப்பவருக்கு எண் கிடையாது. கோழி தலை கவிழ்ந்தால் அவர் முதலில் போவது பக்கத்து மருந்துக்கடைக்கு. அந்தக் கடையில் கைமாறும் பாக்கெட்டை எந்த ஏட்டில், யார் எழுதுவது?