ஒலுவிலிலிருந்து மருதமுனைக்கு

பாய்ப்படகேறி இந்தோனேசியத் தீவுகளை மாதக்கணக்கிற் சுற்றி வருவோர் உளர். பாலி, லொம்பொக், புளோரஸ் எனத் துறைதோறும் தங்கிச் சிற்றூர்களைக் கண்டு மகிழ்வர். எமக்கு வாய்த்ததோ ஒரு பகற் பயணம். அம்பாறைக் கரையோரமாக, ஒலுவிலிலிருந்து மருதமுனை வரை, மீனவர் ஒருவரின் இயந்திரப் படகிலே சென்றோம். பாய் இல்லை, மண்ணெண்ணெய் மணமே துணை. சித்திரை மாதமாதலாற் கடல் குளம்போற் கிடந்தது. வாடைக் காலத்தில் இத்தகைய உலாவை எவரும் நினையார்.

படகோட்டி அறுபதை எட்டியவர். நாம் அவரைக் 'காக்கா' என்றோம். அவர் எம்மைச் 'சேர்' என்றார்.

2013 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் கல்லணைகளைக் கடந்ததும் கரையின் முகமே மாறிற்று. இக்கரையில் மணலானது அலையோடு தெற்கிருந்து வடக்கே நகரும் இயல்பினது. அணை அதனை மறித்தது. தெற்கே மணல் குவிய, வடக்கே நிந்தவூர்ப் புறமாகக் கடல் நிலத்தை அரிக்கலாயிற்று. வேரோடு சாய்ந்த தென்னைகள் நீரிலே தலைகவிழ்ந்து கிடந்தன.

"அந்தா, அலை உடையிற இடம் தெரியுதா சேர்? அதுதான் எங்கட உம்மாட வளவு. இளைய மகளுக்கு அதிலதான் வீடு கட்ட இருந்த" என்றார் காக்கா.

இதன் பொருளை வெளியூரார் எளிதில் உணரார். இக்கரையிலே முஸ்லிம்கட்கும் தமிழர்க்கும் குடிவழி தாய்வழியே வரும். மகளுக்கு வீடு கொடுத்தே மணம் முடிப்பர். ஆகவே, வளவு போயிற்றென்றால் தென்னை மட்டும் போகவில்லை. ஒரு பெண்ணின் கலியாணமும் தள்ளிப் போகின்றது.

2004 மார்கழி 26 இல் சுமாத்திராக் கடலடியில் நேர்ந்த நிலநடுக்கம், இரண்டு மணி நேரத்தளவில் இவ்வூர்களை வாரிச் சென்றது. இந்தோனேசியா அத்துணை அண்மையிலுள்ளது! அதன் பின்னர் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென முதலில் அறிவித்தனர். கடலுக்கும் வயலுக்கும் நடுவே நாடாப்போல் ஒடுங்கிய ஊர்களில், அந்த 200 மீற்றரை விட்டால் எஞ்சுவது எவ்வளவு?

விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவைப் படகிலிருந்தே வணங்கினோம். சாய்ந்தமருதைக் கடந்து, கல்முனைக் கடற்கரைப் பள்ளியருகே இறங்கினோம். நாகூர் ஷாகுல் ஹமீது நாயகத்தின் நினைவாக ஆண்டுதோறும் இங்கே கொடியேற்றுவர். தேநீர்க் கடையில் வடையும் சாயமும் உண்டோம். கல்முனைக்கு வந்து எருமைத் தயிர் உண்ணாது திரும்பலாமோ எனக் கடைக்காரர் கடிந்தமையால் ஒரு சட்டியும் வாங்கிக்கொண்டோம்.

மருதமுனையை அணுகுகையில் வெயில் சாய்ந்துவிட்டது. ஒரு வீட்டின் தாழ்வாரத்திலே தறியோசை கேட்டது. நெய்துகொண்டிருந்த அம்மையார் நாடாவை நிறுத்தாமலே பேசினார். நூல் விலைதான் அவரது பேச்சு முழுவதும். இரண்டு சாரன் வாங்கினோம். ஒன்றைக் காக்காவுக்குக் கொடுத்தோம். அவர் அதனை விரித்துப் பார்த்து, "நல்ல நெசவு" என்றார்.

பின்னர், விடைபெறும் வேளையிலே கேட்டார்:

"சேர், படிச்ச ஆக்கள் நீங்க. மேற்கால வயலை நிரப்பி வளவு விக்கிறாங்க. வாங்கினா மாரி வெள்ளம் நிக்குமோ?"

நிற்கும் என்றே எமக்குத் தோன்றிற்று. சொன்னோம். அவர் தலையசைத்துவிட்டுப் படகைத் தெற்கே திருப்பினார்.