சுமாகோவில் ஒரு புரட்டாசி

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் எந்த மாணவரையும் கேட்டுப் பாருங்கள். விமானச் சீட்டு, விசா, தங்குமிடம் என எல்லாவற்றையும் விசாரித்து முடித்த பின் அம்மா கேட்கும் கடைசிக் கேள்வி ஒன்றுதான்: "அங்க சாப்பாட்டுக்கு என்னம்மா செய்வே?" நள்ளிரவு தாண்டியும் மாமாக் கடையில் ரொட்டி சானாய் கிடைக்கும் நாட்டில் வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறோம். அதன் முழுப் பொருளை எனக்கு உணர்த்தியது சுமாகோ என்னும் ஜப்பானியச் சிற்றூர்.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் நகோயாவில் படித்தபோது, வார இறுதி ஒன்றில் நானும் என் தோழியும் அங்குப் போனோம். சுமாகோ, நாகானோ மாநிலத்தில் கீசோ பள்ளத்தாக்கில் இருக்கிறது. இன்றைய தோக்கியோவையும் கியோத்தோவையும் மலைகளின் வழியே இணைத்த பழைய நகசெண்டோ சாலையில் பயணிகள் தங்கிச் செல்ல 69 ஊர்கள் இருந்தன. அவற்றுள் சுமாகோ 42ஆவது. அடுத்த ஊரான மாகோமே 43ஆவது. பின்னர் இரயில் பாதை ஊரைத் தொடாமல் விலகிப் போனது. பயணிகள் வருவது நின்றது, ஊரும் தேய்ந்தது.

1968ஆம் ஆண்டில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் பணி தொடங்கியது. 1971இல் ஊர் மக்கள் ஒன்றுகூடி ஓர் உறுதி எடுத்தனர். வீடுகளை விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், இடிக்க மாட்டோம். மூன்றே வரிகள்! 1976இல் அரசாங்கமும் இவ்வூரைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது.

இதற்கும் சாப்பாட்டுக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? விற்கவும் வாடகைக்கு விடவும் மறுக்கும் ஊரில் பெரிய உணவகங்கள் எங்கே வந்து கடை போடும்? இருப்பவை ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு முன்பகுதியில் நடத்தும் சிறு கடைகள்தாம். மாலை ஐந்து மணிக்கெல்லாம் அவையும் கதவடைத்துவிடுகின்றன. இரவு உணவு என்றால் தங்கும் விடுதியில் ஆறு மணிக்குப் பரிமாறுவதுதான். பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை.

எங்கள் சிக்கல் இங்குதான் தொடங்கியது. அது புரட்டாசி மாதம். தோழியின் அப்பா வாழ்நாள் முழுவதும் புரட்டாசி விரதம் இருந்தவர். அவர் மறைந்த பிறகு அந்த விரதத்தை மகள் ஏற்றுக்கொண்டாள். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம். வீட்டை விட்டு வெளியே அவள் கழிக்கும் முதல் புரட்டாசி அது.

ஜப்பானில் இறைச்சியைத் தவிர்ப்பது கடினமன்று; மீனைத் தவிர்ப்பதுதான் கடினம். நம் நாசி லெமாக் சம்பலில் நெத்திலி கண்ணுக்குத் தெரியும். அவர்களின் சமையலிலோ மீன் கண்ணுக்குத் தெரியாது. தாஷி என்னும் அடிப்படைச் சாறு பெரும்பாலும் காய்ந்த சூரை மீனைச் சீவிப் போட்டு எடுக்கப்படுகிறது. சூப், காய்கறிக் கூட்டு, நூடல்ஸ் தொட்டுக்கொள்ளும் குழம்பு என எல்லாவற்றிலும் அது கலந்திருக்கும்.

ஆகவே மூன்று வாரங்களுக்கு முன்பே எங்கள் ஜப்பானிய வகுப்புத் தோழி விடுதிகளுக்குத் தொலைபேசியில் பேசினாள். ஒரு விடுதி, இயலாது எனப் பணிவுடன் மறுத்தது. இன்னொரு விடுதியின் பாட்டி நெடுநேரம் கேள்வி கேட்டார். தாஷியும் கூடாதா? சரி, வரச் சொல் என்றார்.

புறப்பட்ட நாள் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. நகாட்சுகாவா நகரில் இறங்கியதும் குரிகிந்தோன் வாங்கினோம். செஸ்நட் கொட்டையை வேகவைத்து மசித்து, சர்க்கரை மட்டும் சேர்த்துத் துணியில் பிழிந்து எடுக்கும் இனிப்பு. இலையுதிர் காலத்திற்கே உரியது. பேருந்தில் மாகோமே சென்று அங்கே கொஹே மொச்சி சாப்பிட்டோம். சோற்றைப் பாதி இடித்துக் குச்சியில் பிடித்து, வால்நட்டும் எள்ளும் அரைத்துச் சேர்த்த சோயா கிச்சாப்பைப் பூசித் தணலில் வாட்டுகிறார்கள். கடைக்காரரிடம் கேட்டோம், மீன் இல்லை. தோழி இரண்டு குச்சிகளை முடித்தாள்!

அங்கிருந்து சுமாகோவுக்கு எட்டுக் கிலோமீட்டர் காட்டு வழி. கரடிகளை விலக்க ஆங்காங்கே மணி தொங்குகிறது. போகிற போக்கில் அடித்துவிட்டுப் போகலாம். நடுவழியில் ஒரு பழைய வீட்டில் தன்னார்வலர்கள் வழிப்போக்கர்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல் நினைவுக்கு வந்தது.

சுமாகோவில் மதியத்திற்குச் சொபா. வரவேற்பறையில் போடும் சோபா அன்று. பக்வீட் மாவில் செய்த நூடல்ஸ். நான் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டேன். தோழி குழம்பை ஒதுக்கிவிட்டு உப்பும் வெங்காயத் தாளும் போதும் என்றாள். கடைக்காரர் முதலில் திகைத்தார். பிறகு, "அப்படிச் சாப்பிட்டால்தான் மாவின் மணம் தெரியும்" என்று சிரித்தார்.

இரவு ஆறு மணி. எனக்கு உப்புத் தடவிச் சுட்ட ஆற்று மீன் வந்தது. தோழிக்கு மிசோ பூசிச் சுட்ட கத்தரிக்காய், தோஃபு, காளான், ஊறுகாய், சோறு, சூப். சூப் கிண்ணத்தை அவள் தயக்கத்தோடு பார்த்தாள். பாட்டி எழுந்து சமையலறைக்குப் போனார். ஒரு தட்டில் ஈரமான கடற்பாசித் துண்டையும் ஊறிய ஷீத்தாக்கே காளானையும் எடுத்து வந்து அவள் முன்னால் வைத்து, "இவை மட்டும்தான்" என்றார். புத்த மடாலயச் சைவ உணவுக்கு இப்படித்தான் சாறு எடுப்பார்களாம்.

தோழி ஒன்றும் பேசவில்லை. சூப்பை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். வெகுநேரம் கழித்து, "அப்பா இருந்தா இந்தப் பாட்டிக்குப் பெரிய கும்பிடு போட்டிருப்பாருடி" என்றாள்.

ஊரோடு ஒத்துப்போவது என்றால் நம் வழக்கத்தை விட்டுக்கொடுப்பது என்றே பலரும் நினைக்கிறோம். நம் வழக்கத்தைச் சொன்னால் விருந்தளிப்பவர் மனம் நோகும் என்று அஞ்சுகிறோம். ஆனால் தட்டு வந்தபின் மறுப்பதுதான் அவரை நோகச் செய்யும். முன்கூட்டியே சொல்வது அவர் உழைப்புக்கு நாம் காட்டும் மரியாதை. மூன்று 'மாட்டோம்'களால் தன்னைக் காத்துக்கொண்ட ஊர், ஒரு பெண்ணின் மூன்று 'வேண்டாம்'களைப் புரிந்துகொண்டதில் வியப்பென்ன?

ஆகவே தம்பி, தங்கைகளே! இத்தகைய ஊர்களில் எங்கே சாப்பிடலாம் என்று போய் இறங்கியபின் தேடாதீர்கள். இரண்டு வேளை உணவு தரும் விடுதியைப் பிடியுங்கள். சாப்பிடாதவற்றை ஜப்பானிய மொழியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் 'தாஷி'யை மறக்காதீர்கள். ஐந்து மணிக்குள் ஊர் போய்ச் சேருங்கள். இயலாது என்று ஒருவர் சொன்னால் வருந்தாமல் அடுத்த கதவைத் தட்டுங்கள். உங்களுக்காகக் கடற்பாசியை ஊறவைக்க ஒரு பாட்டி எங்கேனும் இருப்பார்.